ஹில்டா விற்ற கார்டு

பெண் பார்க்கத் தாம்பரம் போன அன்று, எங்களைத் தனியாகப் பேச விட்ட ஐந்து நிமிடத்தில் ஹில்டா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "உங்க சிஸ்டம்ல என்ன கிராபிக்ஸ் கார்டு?"

கேமில் படம் தடங்கலில்லாமல் ஓட அந்தக் கார்டுதான் முக்கியம்; ஆனால் கம்ப்யூட்டரில் கேம் ஆடும் பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது இரண்டாயிரத்து ஐந்து.

"ரேடியான்," என்றேன்.

"என்னுது ஜீஃபோர்ஸ்," என்று போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னவள், என்மேல் பரிதாபப்பட்டவள்போல் சிரித்தாள். எனக்கு அங்கேயே சம்மதம்.

கல்யாணமானதும் ஊரப்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பிடித்தோம். இரண்டு கம்ப்யூட்டர் வைக்க இடமில்லை. அவளுடையது பழசு என்பதால், கார்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் என் கம்ப்யூட்டரில் ஒரு கார்டுதான் பொருத்த முடியும். யாருடையது? காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதும் இதே பேச்சு, சாயங்காலம் காய் நறுக்கும்போதும் இதே பேச்சு. அவள் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். முதல் சம்பளத்தில், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தானே போய் வாங்கிய கார்டு அது.

கடைசியில், ஒரே கார் பந்தயத்தை இரண்டு கார்டிலும் ஓட்டிப் பார்ப்பது, எதில் படம் வேகமாக ஓடுகிறதோ அது இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, அவள் சமையலறையில் இருக்க, நான் ஓட்டினேன். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற எண் திரையின் மூலையில் தெரியும். என் கார்டுக்கு நாற்பத்தொன்று. அவளுடையதற்கு நாற்பத்தேழு.

எனக்கு என்ன ஆயிற்றென்று இன்றும் தெரியவில்லை. கார்டுக்குச் சுமை ஏறும்படி செட்டிங்கில் நிழல், வெளிச்சம் எல்லாவற்றையும் கூட்டி, அவளுடைய கார்டை மறுபடி ஓட்டினேன். முப்பத்திரண்டுக்கு இறங்கியது. கூப்பிட்டுக் காட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "சரி, உங்களுதே இருக்கட்டும்," என்று போய்விட்டாள். அடுத்த வாரமே பொத்தேரியில் படிக்கும் அக்தர் என்ற மாணவனுக்குத் தன் கார்டை விற்றும் விட்டாள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நல்லாதாங்க ஓடுது, நான்தான் சும்மா வீம்பு பண்ணிட்டேன்," என்று ஒவ்வொரு முறை ஆடும்போதும் என் கார்டைப் பாராட்டினாள். ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒருநாள் சாயங்காலம், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது சொல்லிவிட்டேன்.

நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"கார்டு போனா போவுது. என்னையே ஏமாத்துவீங்களா நீங்க?"

மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள், "போய் கார்டைத் திருப்பி வாங்கிட்டு வரலாம், கிளம்புங்க," என்றாள்.

ஊரப்பாக்கத்திலிருந்து பொத்தேரி இரண்டாவது ஸ்டேஷன். நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில், கொடியில் தொங்கிய ஈரத்துணிக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் கேபிளால் இணைக்கப்பட்டுக் கிடந்தன. விஷயத்தைக் கேட்ட அக்தர் கையைப் பிசைந்தான்.

"அண்ணா, இத மட்டும் கேக்காதீங்க. அக்கா வேணும்னா இங்கயே வந்து ஆடட்டும்."

ஹில்டா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் பந்தயத்தில் அக்தரைத் தோற்கடித்தாள். இரண்டாவதிலும். மூன்றாவதற்குள் பக்கத்து வீட்டுப் பையன்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"மச்சான், அக்கா எல்லாரையும் காலி பண்றாங்கடா!"

நான்காவது பந்தயத்துக்கு எதிரே என்னை உட்காரவைத்தாள். அதில் நான் வாங்கிய அடியோடு அவள் கோபம் தீர்ந்தது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மதியம் நாங்கள் பொத்தேரியில்தான். அவள் பெரிய டப்பாவில் லெமன் சாதம் கட்டிக்கொண்டு வருவாள். பையன்கள் தட்டு கழுவி வைத்துக் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கம்ப்யூட்டர்கள் வாங்கிவிட்டோம். அந்த ஆட்டம்போல் ஒன்றும் அமையவில்லை.

மறு வருடம் மே மாதம், பையன்கள் படிப்பு முடிந்து வீட்டைக் காலி செய்தார்கள். மூட்டை கட்ட உதவிவிட்டுத் திரும்பினோம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த ஹில்டா, கூடுவாஞ்சேரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம என்னங்க பண்றது?" என்றாள்.