ஒன்றரைக் கட்டை

"கண்ணைத் திறந்தியோ, ஆட்டம் செல்லாது" என்று தங்கையை எச்சரித்துவிட்டு, துண்டுக்கடியில் கையை விட்டுப் போனில் எதையோ தட்டினான் ரஞ்சன்.

கட்டிலின் ஒரு பக்கம் அவன். மறுபக்கம், கண்ணை இறுக மூடிக்கொண்டு சஹானா. நடுவில் அவர்களுடைய அப்பா பட்டாபிராமன், வாய் திறந்தபடி, கரடுமுரடாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கனிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தக் கடையிலும் கனிவு கூடினால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி விற்ற அப்பாவுக்குப் பிறந்த, பட்டாபிராமனின் மனைவி விஜயலட்சுமிக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துண்டுக்கடியிலிருந்து தம்புரா ஒலித்தது.

"இது நானூத்தி முப்பத்திரண்டு" என்றாள் சஹானா. "உடம்பே லேசாறது."

"நானூத்தி நாப்பது. உன் உடம்பு லேசானது டயட்டுல."

"நீ மாத்தி வச்சுட்டு ஏமாத்தறே அண்ணா!"

"மாத்தி வைக்கறதுக்குப் பேர்தான் டெஸ்ட்."

சண்டை இரண்டு நாளாக நடக்கிறது. பியானோ, கித்தார் எல்லாம் சுருதி சேர்க்கும் ஆதார ஸ்வரம் நொடிக்கு நானூற்று நாற்பது முறை அதிர வேண்டும் என்று உலகம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதை முப்பத்திரண்டுக்கு இறக்கினால்தான் இயற்கையோடு இசையும், நோயாளி அமைதியாவார் என்பது சஹானாவின் கட்சி. ஜாதவ்பூரில் அவள் அதற்கு வகுப்பே எடுக்கிறாள். எட்டு அதிர்வை எந்தக் காதும் கண்டுபிடிக்காது, இதெல்லாம் வியாபாரம் என்பது பெங்களூரிலிருந்து வந்திறங்கிய ரஞ்சனின் கட்சி. அப்பா போகும்போது சரியான சுருதியைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. அப்பா போகிறார் என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேச வேண்டும் என்று இவனுக்குத் தவிப்பு.

விஜயலட்சுமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் இன்னும் உள்ளே இருக்கிறாரா? கூப்பிட்டால் கேட்கிறதா?

"நீயே சொல்லும்மா. ரெண்டுல எது நன்னாருக்கு?" என்றாள் சஹானா.

"என்னைக் கேட்டா? எனக்கேது காது. நான் பெட்டி போட்டவதானே."

அது அவளே தனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். கிடர்பூர் துறைமுக ஆபீசுக்குக் கிளம்புமுன் பட்டாபிராமன் தினமும் பாடுவார். பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியின் துருத்தியை அசைப்பது அவள் வேலை. ஒரு கை துருத்தியில், மறு கை கீரை ஆய்வதில். கண் காய்கறிக்காரன் குரலுக்காக ஜன்னலில். சுருதியைத் தூக்கி வைத்துப் பாடச் சொல்கிறவர்களிடம் அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "இந்தக் கட்டை வேகற வரைக்கும் என் கட்டை ஒண்ணரைதான், ஓய்."

பிள்ளைகள் மறுபடி போனில் சுருதியை மாற்றினார்கள். அவர் புருவம் இரண்டுக்கும் ஒரே மாதிரி சுருங்கியது. இரண்டு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் கையைப் பிடித்து இழுக்கிற வாடிக்கையாளரின் முகம் அது.

"போறும். ரெண்டு பேரும் அணைங்கோ" என்று எழுந்து போனாள் விஜயலட்சுமி.

அலமாரியின் அடித்தட்டில், பழைய வேட்டி சுற்றி அந்தப் பெட்டி இருந்தது. கல்யாணமான புதிதில் சித்பூரில் ஒரு ஹார்மோனியக் கடையில் வாங்கியது. அன்றைக்குப் பட்டாபிராமன் கண்ணை மூடி, காதைப் பெட்டியில் வைத்து நாதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளை பேரம் பேச மாட்டார் என்று புரிந்ததும், காப்பிப்பொடிக் கடைக்காரர் மகள் விஜயலட்சுமி களத்தில் இறங்கிவிட்டாள். தெரிந்த வங்காள மொழியில் "ஆரேக்டு கமாவ்" என்றாள். இன்னும் கொஞ்சம் குறையுங்கள். பெட்டி செய்கிற மிஸ்திரி தலையாட்டினார், பெட்டியைத் திறந்தார், உள்ளே பித்தளை நாக்கைச் சுரண்டினார். பாடுகிறவர் சுருதியைக் குறைக்கச் சொல்கிறார் என்று அவருக்கு எண்ணம். அவள் விடவில்லை. "ஆரேக்டு." அவர் இன்னும் சுரண்டினார். பட்டாபிராமன் கண்ணைத் திறந்து, "இதுதான்! இதுக்குமேல தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டார்.

விலை காலணா இறங்கவில்லை. சுருதி இறங்கிவிட்டது.

அவள் பெட்டியைக் கட்டிலோரம் வைத்துத் துருத்தியைத் தொட்டாள். முதலில் தூசு வந்தது. பிறகு காற்று. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஷட்ஜம் வந்தது.

புருவத்தின் சுருக்கம் விட்டது. போர்வையின் மேல் செத்த மீன் போலக் கிடந்த வலது கையில் நடுவிரல் மெல்ல நிமிர்ந்து மடங்கியது. அடுத்து ஆள்காட்டி விரல். இல்லாத தம்புராவின் இல்லாத தந்திகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவர் மீட்டிக்கொண்டிருந்தார்.

சஹானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரடுமுரடான மூச்சின் அடியிலிருந்து ஒரு இழை கிளம்பியது. நூல் போல மெலிசு. பெட்டியின் நாதத்துக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடம் தெரியவில்லை. பாலுக்குள் பால் ஊற்றினாற்போல.

ரஞ்சனின் போனில் சுருதி அளக்கும் முள், பன்னிரண்டைத் தொட மனசில்லாத கடிகார முள் போல, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாகச் சாய்ந்து ஆடாமல் நின்றது. அவன் உதட்டுக்குள் கணக்குப் போட்டான்.

"நானூத்தி முப்பத்தாறு" என்றான். போனைத் தங்கை பக்கம் திருப்பினான். "ரெண்டுமில்லை, சஹானா. நடுவுல."

"ஆமா" என்றாள் விஜயலட்சுமி, துருத்தியிலிருந்து கையை எடுக்காமல். "பேரம் அங்கேதான் படிஞ்சுது."

ஜன்னலுக்கு வெளியே பாலிகஞ்ச் லோக்கல் ரயில் ஒன்று கடந்து போனது. அது போகிற வரைக்கும் அந்த இழை அறுபடவில்லை.

எவ்வளவு நேரம் அசைத்தாளோ. கை தன் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பெட்டி மட்டும்தான் பாடுகிறது என்பது, காது இல்லாதவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அவள் உடனே நிறுத்தவில்லை. துருத்தியில் மீதியிருந்த காற்று தானாக இறங்கட்டும் என்று விட்டாள்.

பிற்பகலில் கேவ்ராதலா மயானத்திலிருந்து வண்டி வந்தது. ரஞ்சனும் ஆண்களும் போனார்கள். வாசலில் யாரோ, "கட்டைக்கு அலையாண்டாம், கரண்ட்தான், சீக்கிரம் முடிஞ்சுடும்" என்று சமாதானம் சொன்னார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். எதிர் ஃபிளாட் தாரா ஃபிளாஸ்கோடு வந்தாள். "மாஷிமா, ஏக்டு சா காபேன்?" கொஞ்சம் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே ஊற்றி, மூடி வைத்துவிட்டுப் போனாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் சங்கு ஊதுகிறவள் அன்று ஊதவில்லை.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள் விஜயலட்சுமி. அவர் அறையில் சஹானா தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அசைப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தவள், அம்மா வந்ததும் கையை எடுத்துவிட்டாள். பெட்டி ஓய்ந்தது. மூடியின் மேல் வைத்திருந்த போனில் முள் படுத்துக்கொண்டது.

மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆகவே ஆகாது. நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்.

"ஏன்னா" என்றாள் விஜயலட்சுமி, சுவிட்சின் பக்கம் திரும்பியபடி. "காத்தைக் குறைக்கட்டுமா?"

முள் எழுந்தது. அந்த "ஏன்னா"வின் நீட்டலுக்கு, பன்னிரண்டைத் தொட மனசில்லாமல், காலையில் சாய்ந்த அதே இடத்தில் சாய்ந்து நின்றது.

சஹானா போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். விஜயலட்சுமியும் முள்ளைப் பார்த்தாள். அது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரெகுலேட்டரைத் திருகினாள். விசிறியின் இரைச்சல் மெல்ல இறங்கியது. நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.