மூன்றாவது மெஷின்

…அப்புறம் விளம்பரத்தைத் தடுக்கிற வசதி, அது இல்லாத பிரவுசர் எதற்கு, தண்டம், போன வாரம் நூலகத்துக்கு வருகிற அந்த ஓய்வுபெற்ற தையல்காரர் கண்ணுக்கு ஏதோ சொட்டுமருந்து தேடப் போய், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று திரை முழுக்க ஒருத்தி கையாட்ட, மனுஷன் பதறியடித்து என்னிடம் ஓடிவந்து, "சார், நான் ஒண்ணும் அமுக்கல சார், அதுவா வந்துச்சு" என்று சத்தியம் பண்ணாத குறை... ஆகவே மதிய இடைவேளைக்கு நூலகக் கதவைச் சாத்திவிட்டு, எல்லா மெஷினிலும் பழைய பிரவுசரைத் தூக்கிவிட்டு இந்த ஓப்பன் சோர்ஸ் பிரவுசரைப் போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். சும்மா கிடைக்கிற சாமானை எப்படி ஐயா நம்புவது என்று மேலதிகாரி கேட்டார். இதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறது சார், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், உள்ளே திருட்டுத்தனம் இருந்தால் பார்க்கிறவன் கத்திவிடுவான், பழசில் அது நடக்குமா என்றேன். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அது வேறு விஷயம். பார்க்கலாம் என்பதே ஒரு தைரியம்தானே?

முதல் மெஷின் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. கிழட்டு மெஷினிலும் திணறாமல் ஓடுகிறது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற வசதி இருக்கிறது, உள்ளே நுழையும்போதே பெயர் என்ன ஊர் என்ன என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி கேட்பதில்லை. பின்தொடர்கிறவர்களைத் தடு, டிக். கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளாதே, டிக். மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடு, ஆகா, இதற்குத்தான் நான் ஆசைப்பட்டதே, டிக். ஒருவர் என்ன படிக்கிறார் என்பதில் நூலகன் மூக்கை நுழைக்கக் கூடாது, இதை நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள், விடட்டும். மூன்றாவது மெஷினுக்கு வந்தேன். புதியதை இறக்குவதற்காகப் பழைய பிரவுசரில் முகவரியைத் தட்டினால் தமிழ் எழுத்து விழுகிறது, யாரோ விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், 'கா' என்று விழுந்ததும் அதன் கீழே தானாகவே ஒரு வரி நீண்டது. காணாமல் போனவரை எத்தனை நாள் தேடுவார்கள்.

அட. யாருடைய வேலை இது? துப்பறியும் நாவல் எழுதுகிறேன் என்று சொல்லித் திரியும் வங்கிக் காசாளராக இருக்கும், அவருக்குத்தான் இப்படிப்பட்ட புத்தி... அழித்துவிட்டு வேலையைப் பார், உனக்கு என்ன வந்தது? ஆனால் கை கேட்கவில்லை, ஹிஸ்டரியைத் திறந்துவிட்டது. போனை அணைத்துவிட்டால் இருக்கும் இடம் தெரியுமா. ஆற்றுப்பாலம் கடைசி பஸ். மறுபடியும் ஆற்றுப்பாலம் கடைசி பஸ். பாலத்தைத் தாண்டிப் போகவா, பாலத்திலேயே இறங்கிக்கொள்ளவா? இது காசாளர் இல்லை, நாவலும் இல்லை. மருந்துக்கடைப் பெண்ணோ? சாயங்காலம் வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாளே, நேற்றுகூட முகம் பேயறைந்த மாதிரி இருந்ததே... கூப்பிட்டுப் பேச வேண்டும், அம்மா, எதுவாக இருந்தாலும் சொல்லும்மா என்று. அவள் சொல்லாவிட்டால்? இந்த மெஷினிலும் மறதியைப் போட்டுவிட்டால் நாளைக்கு என்ன தேடினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? புதியதை இறக்கினேன், மற்ற எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன், அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டேன். ஒரு உயிர் பெரிதா, கொள்கை பெரிதா? உயிர்தான். சந்தேகமே இல்லை.

பழசைத் தூக்குவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தேன். சர்க்கரை நோய் உள்ள ஆண் தனியாக இருந்தால் எளிதாக என்ன சமைக்கலாம். சிரிப்பே வந்துவிட்டது. அப்பாடா, மருந்துக்கடைப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை, இது வேறு யாரோ, தையல்காரருக்குத்தான் சர்க்கரை, எனக்கும்தான் சர்க்கரை, இந்த வயதில் யாருக்கு இல்லை... பக்கத்திலேயே நேரம் போட்டிருந்தது, இவ்வளவு நேரம் அதைப் பார்க்கவில்லை. எல்லாமே மதியம். மதியம் கதவு சாத்தியிருக்குமே. உள்ளே நான் மட்டும்தானே, பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டு, அப்புறம்... அப்புறம் சாப்பாடு கொண்டுவருகிற என் மனைவி. நான் டப்பாவைக் காலிசெய்யும் வரைக்கும், "சும்மா பாட்டுக் கேக்கறேன்" என்று இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். பயந்துபோனேன். என்ன குறை வைத்தேன்? கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பேச்சு? பேச்சு இல்லாமலா, மாத்திரை போட்டீங்களா, போட்டேன், கேஸை மூடினியா, மூடினேன், தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்? நேற்று என்ன பேசினோம்? மாத்திரை. அதற்கு முந்தின நாள்? போகப் போகிறவள் எனக்கு என்ன சமையல் ஒத்துக்கொள்ளும் என்று ஏன் தேட வேண்டும், பைத்தியக்காரி, போகிறவள் போக வேண்டியதுதானே... ஐயோ, என்ன நினைக்கிறேன் நான், போகக் கூடாது, போகவே கூடாது.

கதவு தட்டப்பட்டது. "என்னங்க, திறங்க." பழைய பிரவுசரை அவசரமாகத் தூக்கிவிட்டு எழுந்து போய்த் திறந்தேன். அதே சேலை, அதே பை, நெற்றியில் வெயில். டப்பாவை மேஜையில் வைத்தாள், மூன்றாவது மெஷினைப் பார்த்தாள், நின்றாள்.

"என்ன இது, எல்லாம் மாறியிருக்கு?"

"புதுசு போடறேன்."

"அப்ப முன்னாடி பார்த்ததெல்லாம்?"

"போயிடுச்சு."

"மொத்தமாவா?"

"மொத்தமா. இது எதையுமே ஞாபகம் வச்சுக்காது."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், நாக்கு ஒரு தடவைகூட இடறவில்லையே, மறதிக்கான அந்த ஒரு கட்டம் இன்னும் வெறுமனேதானே கிடக்கிறது.

"நல்லதுதான்" என்றாள், அவள் தோள் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. "போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்."

"இன்னைக்கு இங்கயே சாப்பிடறேன்."

"இங்கயா? ஏன்?"

"சும்மா."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது, இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். நான் டப்பாவைத் திறந்தேன், ஒரு வாய் வைத்தேன். அவள் தட்ட ஆரம்பித்தாள், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, பாட்டு எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினால் அவள் முதுகைத் தொட்டுவிடலாம், என்னம்மா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். நான் கேட்கவில்லை. அவள் எப்போது எழுந்து போவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.