ஒன்பதாம் எண் கிணறு

ஆய்வகத் தட்டில் இருந்த நீலப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வந்தவள், நூற்று நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். அதற்குமேல் எண்ணத் தேவையில்லை. 'எண்ண இயலாத அளவு' என்று எழுதப் படிவத்தில் தனியாக ஒரு கட்டமே இருந்தது. அதில் எழுதினாள். நீலப் புள்ளி ஒவ்வொன்றும் குடலிலிருந்து வந்த கிருமிகளின் கூட்டம் என்பது அந்த ஆய்வகத்தில் தரை துடைக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். தட்டின் விளிம்பில் மார்க்கரால் எழுதியிருந்த ஒன்பது என்ற எண் எந்த விடுதியின் கிணற்றுக்குரியது என்பது மட்டும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏரிக்கரையின் பதினான்கு விடுதிகளுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டவள் அவள்தான். ஒன்பது, அக்காவின் விடுதி.

கையுறைகளைக் கழற்றிப் போட்டாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஏதாவது தோன்றும் என்று குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பசிக்கிறது என்பது மட்டும்தான் தோன்றியது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

ஓராண்டாகவே இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்குமே, அப்படி. போன மழைக்காலத்தில் அம்மா இறந்ததிலிருந்து அந்த மரப்பு இறங்கவில்லை. சாவு வீட்டில் அவள் அழாததைப் பார்த்து ஒரு சித்தி, "படிச்சவ, மனசுக்குள்ளயே அழறா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சமாதானம் சொன்னாள். அவளும் தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் யாரும் அழவில்லை.

ஒரு வருடத்தில் எத்தனை பேர் வந்து தங்கினால் அந்த ஏரி தாங்கும் என்பதுதான் ஆய்வு. பல்கலைக்கழகத்தின் சுற்றுலாத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருந்தன. பாதி வேலை கேள்வித்தாள்கள், பாதி வேலை தண்ணீர். கேள்வித்தாளில் 'தண்ணீரின் தரம் உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' என்று ஒரு கேள்வி உண்டு. ஒன்பதாம் எண் விடுதியில் தங்கியவர்கள் அதற்கு ஐந்துக்கு ஐந்தோ நான்கோ கொடுத்திருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அக்கா ஒவ்வோர் அறையிலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் வைத்துவிடுவாள். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். பிறகு, வீட்டில் இருப்பவர்கள் குடிக்க.

வீட்டில் இருப்பவர்கள் என்றால் அக்காவும் அம்மாவும். அத்தான் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பத்து மாதம் கடலில். பத்து அறை விடுதியை அக்கா ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். தங்கை முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து தங்க வருகிற எல்லோரிடமும், "எங்க வீட்லயும் ஒரு டாக்டர் இருக்கா, ஊசி மட்டும் போட மாட்டா" என்று சொல்லிச் சிரிப்பாள். ஊசி போடாத டாக்டர் என்பது நாளடைவில் பெயராகவே நிலைத்துவிட்டது.

அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தபோது அவள் வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள். ஏரியைப் பற்றித்தான் அவளுடைய கட்டுரை. மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அக்கா போன் செய்தாள். பேசியதில் அவளுக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

"டாக்டரம்மா, அம்மாவுக்கு நிக்கவே மாட்டேங்குது. என்ன குடுக்கட்டும்?"

"உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி குடுக்கா. குடிக்கிற வரைக்கும் குடு. தண்ணி குறையவே விடாத."

"குடுத்துட்டேதான் இருக்கேன்."

"இன்னும் குடு."

ஏழு நாள். ஏழு நாளும் அக்கா ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சில்ல" என்றார். இறப்புச் சான்றிதழிலும் அதையேதான் எழுதினார். காய்ச்சிக் குடு என்று தான் சொன்னோமா என்பது அவளுக்கு நினைவில்லை. பதினோரு மாதமாக அதை யோசித்துப் பார்க்கத் தேவை வந்ததில்லை. டிபன் பாக்ஸைக் கழுவும்போது யோசித்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த நீலத் திரை, தன்னுடைய அடையாள அட்டையின் கயிறு, ஒலிபெருக்கியில் யாரோ 'ஒன்று, இரண்டு' என்று சோதித்துப் பார்த்தது எல்லாம் நினைவிருந்தன. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னோமா இல்லையா என்பது மட்டும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், ஒன்பதாம் நம்பர் எங்க அக்காவோட விடுதி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடிந்து பேசத் தெரியாத மனிதர். "இத முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"ஆமா சார்."

"செப்டிக் டேங்க் கசியுதான்னு சாயம் போட்டுத்தான் பார்க்கணும். அதுக்கு வேற யாரையாவது அனுப்பறேன். நீங்க ஒதுங்கிக்கிறதுதான் முறை."

"சாயத்த நான் போடறேன் சார். வேற யாரையும் அக்கா உள்ள விட மாட்டா. தண்ணி மாதிரிய மட்டும் வேற யாராவது வந்து எடுக்கட்டும்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் அது கேட்க நன்றாக இராது என்று, "பரவால்ல சார்" என்றாள்.

சாயம் செங்கல் நிறப் பொடி. தண்ணீர் பட்டால் பளீரென்ற பச்சை. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. ஒரு கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால், தொட்டியில் விரிசல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்தப் பச்சை, கசிவு எங்கே போகிறதோ அங்கே போய் நிற்கும். அக்கா கழிவறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருஷம் விழுந்து விழுந்து படிச்சது, என் வீட்டுக் கக்கூஸ்ல கலர் பொடி போடத்தானா?"

"தள்ளு, மேல பட்டுடப் போகுது."

"எல்லா விடுதிலயும் போடறீங்களா?"

"சிலதுல."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையும் படிக்க முடியாது என்பது அவளுக்கும் ஒரு வருடமாகப் பழகியிருந்தது. "எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?"

"கிணத்துத் தண்ணிய மட்டும் குடிக்காத. கேன் வாங்கிக்கோ."

கழிவறைத் தொட்டியின் பிடியை அக்காவே அழுத்தினாள். பச்சை ஒரு சுழல் சுழன்று உள்ளே போனது.

முதல் நாள் போனில் கேட்டபோது, "ஒண்ணும் வரல" என்றாள் அக்கா. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் ஆய்வக உதவியாளர் மதியம் வந்து மாதிரி எடுப்பதாக ஏற்பாடு. அவள் அதற்கு முன்பே, காலை ஒன்பது மணி பஸ்ஸில் போய் இறங்கினாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. மாடியில் ஏதோ குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அவள் சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போனாள்.

கொடியில் பத்துப் பன்னிரண்டு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்காவின் வெள்ளை ஊரறிந்த வெள்ளை. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மூலை மூலையாக இழுத்துக் காயவைப்பாள். வெயில் பட்டுக்கொண்டிருந்த அந்த விரிப்புகளில் மெல்லிய பச்சை. ஒரே சீராக இல்லை. தண்ணீர் வடிந்த ஓரங்களில் கொஞ்சம் தூக்கலாக, நடுவில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியாக. அக்கா கொடியின் மறுபக்கத்தில் ஈர விரிப்பு ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வரல" என்றாள், கேட்பதற்கு முன்பே.

தங்கை விரிப்பையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். "மத்தியானம் ஒருத்தர் வந்து தண்ணி எடுப்பார்" என்றாள்.

"எடுக்கட்டும்."

"எப்பலேர்ந்து இப்படி?"

அக்கா விரிப்பைக் கொடியில் போடாமல் அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரம் ரவிக்கையில் இறங்கியது. "முந்தாநாள் சாயங்காலம் வாளில லேசா தெரிஞ்சுது. நிழலோன்னு நெனச்சேன். நேத்து நல்லாவே தெரிஞ்சுது. கிளோரின் போட்டா போயிடும்னு போட்டுத் தொவச்சேன். போகல. இன்னைக்கு மறுபடியும் தொவச்சேன்."

"கிணத்துத் தண்ணிலயே தொவச்சா எப்படிப் போகும்?"

"வேற தண்ணி எங்கருக்கு?"

இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். கம்பி வலை போட்ட கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் தெரிந்த தண்ணீர், கடையில் வைத்திருக்கும் பச்சைக் கண்ணாடிப் பூச்சாடியைப் போல அழகாகத்தான் இருந்தது. மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு துண்டு கிடைக்குமா என்று கேட்டாள். அக்கா நிமிர்ந்து, "இதோ கொண்டு வர்றேம்மா" என்று எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா."

"சொல்லு."

"இந்த ஓட்ட போன வருஷமும் இருந்திருக்குமா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கான பதிலையும் பஸ்ஸில் வரும்போதே தயாராக வைத்திருந்தாள். "சொல்ல முடியாதுக்கா. அப்ப யாரும் அளந்து பார்க்கல. அளக்காதத நாங்க சொல்லக் கூடாது."

"நாங்கன்னா யாரு? நான் உன்னக் கேக்கறேன்."

மாடியில் கதவு அடித்துக்கொண்டது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள், ஆய்வகத்தில் அதுதான் விதி. "இருந்திருக்கலாம்" என்றாள். குரல் தட்டையாகத்தான் வந்தது, வானிலை சொல்கிற மாதிரி.

அக்கா தலையை ஆட்டினாள். அழுவாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். அக்கா அழவில்லை. மடியில் இருந்த ஈர விரிப்பை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மடித்ததைத் தட்டிச் சமன் செய்தாள்.

"காய்ச்சிக் குடுன்னு அன்னைக்கு நான் சொன்னேனாக்கா?"

அக்காவின் கை விரிப்பின்மேல் நின்றது. தங்கையை நேராகப் பார்த்தாள். நாற்பது வருடமாகத் தங்கை பார்த்து வந்த முகம்தான், அதில் இப்போது எதையும் படிக்க முடியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லடி" என்றாள் அக்கா.

அது உண்மையா, தங்கைக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவும் முடியாது. அக்கா எழுந்து மாடிக்குப் போனாள். அங்கே நின்று அவள் பேசுவது கீழே கேட்டது. தண்ணீர் சரியில்லை, மன்னிக்க வேண்டும், பக்கத்து விடுதியில் அறை பேசித் தருகிறேன், பெட்டிகளை நானே கொண்டு வந்து வைக்கிறேன். ஒவ்வோர் அறை வாசலிலும் அதே வார்த்தைகள், அதே பணிவு. ஒரு ஆள் சத்தம் போட்டார். அதற்கும் அதே குரலில் பதில் சொன்னாள். ஆய்வக உதவியாளர் வந்தபோது விடுதி காலியாகியிருந்தது. அவர் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, தெரியாத்தனமாக, "அடேயப்பா" என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அறிக்கையில் ஒன்பது ஒன்பதாகவே போனது. பதினான்கில் ஐந்து கிணறுகள் கெட்டிருந்தன. பேராசிரியர் அவளுடைய உறவைக் குறிப்பிட்டு அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தார். எழுதுவதற்கு முன் அவளிடம் காட்டினார். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழில் இருந்த முதுமை அப்படியேதான் இருந்தது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க எந்த அலுவலகத்திலும் அவளிடம் ஆதாரம் இல்லை.

பத்து நாள் கழித்து, செப்டிக் தொட்டியைத் தோண்டிப் பார்க்கப் போவதாக அக்கா போன் செய்தாள். வா என்று சொல்லவில்லை. அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து உலரவிட்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் இருவர் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே இடுப்பளவுக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். மண்வெட்டியை ஊன்றி நின்ற பெரியவர், "இங்கதாம்மா" என்று காட்டினார். தொட்டிச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அங்கிருந்து பள்ளத்தின் பக்கவாட்டு மண்ணில் கறுப்பாக ஒரு ஈரத் தடம், ஒரு கை அகலத்தில், கிணற்றைப் பார்த்துப் போயிருந்தது. "இது ஒரு வருஷத்துல வந்ததில்லம்மா, ரொம்ப நாளா ஓடியிருக்கு" என்றார் அவர், ஏதோ வேலையைப் பற்றிச் சொல்கிற குரலில். சொல்லிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். "வழுக்கும், பாத்து" என்று தங்கை சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரிசல் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, சுவரைத் தொடாமல், மண்ணில் இருந்த தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே கையை எடுக்காமல், நோயாளியின் உடம்பைத் தடவிக்கொடுப்பதைப் போல, கிணற்றின் பக்கமாக அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனாள்.

மேலே நின்றவள் குனிந்து கையை நீட்டினாள். விளிம்பு மண் இளகலாக இருந்தது. சிறு கட்டிகள் உதிர்ந்து அக்காவின் தலைமுடியில் விழுந்தன. அக்கா நிமிரவில்லை. தங்கை மண்டியிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஊன்றிய உள்ளங்கையின் கீழே மண் சில்லென்று இருப்பது அவளுக்கு உறைத்தது.