ஒரு கச்சேரி, ஒரு பதிப்பு

பழைய கச்சேரிப் பதிவுகளைச் சேகரிக்கும் இணையக் குழுவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். டான்ஸ் மாஸ்டரும் இல்லை, தையல் மாஸ்டரும் இல்லை. நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்த ராக் கச்சேரியை, கூட்டத்துக்குள் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கேசட்டில் பதிவு செய்தவர். அந்த மூல கேசட்டுக்கு மாஸ்டர் டேப் என்று பெயர். கேசட்டின் பட்டம் நாளடைவில் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. கச்சேரி முடிந்த ஒன்பதாம் நாள் டிரம்ஸ் வாசித்தவர் விபத்தில் போய்ச் சேர்ந்தார். ஆகவே அதுதான் அந்த ராக் இசைக்குழுவின் கடைசிக் கச்சேரி. வேறு பதிவு கிடையாது.

பதிவில் ஒரு விசேஷம் உண்டு. இசைத்தட்டில் கேட்பதைவிட எல்லாப் பாட்டுகளும் மூன்று அரைச்சுரம் கீழே ஒலித்தன. நண்பனின் சாவை முன்கூட்டியே உணர்ந்த கலைஞர்கள் அன்று கிதார்களைத் தாழ்த்திக்கொண்டார்கள் என்பது மாஸ்டரின் முடிவு. இதைப் பற்றி ‘சாவின் சுருதி’ என்று அறுபது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டிருந்தார். அதைப் படித்து அழுதவர்கள் உண்டு. முழுதாகப் படித்தவர்களும் ஓரிருவர் இருந்திருக்கலாம்.

இன்னொரு விசேஷம், மூன்றாம் பாட்டு முடிந்ததும் மைக்குக்குப் பக்கத்தில் கேட்கும் ஒரு கட்டைக்குரல்: “தலையை எறக்குங்க சாமி, நாங்களும் பாக்கணும்.” இளவயது மாஸ்டரின் குரல். குழுவினர் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை, இதைத்தான் சொல்வார்கள். சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

கேசட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பல்செட்டுக்கு வந்தது. அவர் தொழில் பல்செட் கட்டுவது. குழுவில் அதுவே பெயர். பழைய பதிவுகளில் இரைச்சலைக் குறைப்பதும், கைதட்டலுக்கு அடியில் புதைந்த பாட்டை மீட்பதும் அவருடைய பொழுதுபோக்கு. பன்னிரண்டு வருடமாகப் பிரதியின் பிரதியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். மூல டேப் ஒன்றைக் கையால் தொட்டதில்லை. மாஸ்டர் வீட்டு இரும்பு அலமாரியிலோ, செத்துப்போன சேகரிப்பாளர்களின் குடும்பங்கள் கொடுத்த நாற்பத்தொரு மூல டேப்கள் இருந்தன. “இதை ஒழுங்கா முடிங்க தம்பி, மத்தது ஒவ்வொண்ணா உங்க கைக்கு வரும்” என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பல்செட்டுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கேசட்டைப் பிரித்து, நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சு உதிர்ந்துபோயிருந்ததை மாற்றி, ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினார். பாட்டுகளுக்கு நடுவே மேடை ஸ்பீக்கர்களின் கரண்ட் இரைச்சல் மெல்லிசாக ஓடியது. மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை அதிரும். இரைச்சலையும் அந்தக் கணக்கில் அளக்கலாம். அளந்தார். நாற்பத்திரண்டு என்று வந்தது. டிரம்மர் சாகப்போகிறார் என்று மின்வாரியமும் முன்கூட்டியே துக்கம் கொண்டாடியிருக்க வாய்ப்பில்லை. அன்று ரெக்கார்டரின் மோட்டார் தறிகெட்டு வேகமாக ஓடியிருக்கிறது. வேகமாகப் பதிந்ததைச் சாதாரண வேகத்தில் போட்டால் எல்லாமே தாழ்ந்து கேட்கும். அவ்வளவுதான் சாவின் சுருதி.

வேகத்தைச் சரிசெய்தார். பாட்டுகள் இசைத்தட்டின் சுருதிக்கு ஏறி உட்கார்ந்தன. அறுபது பக்கமும் போச்சே என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் பாட்டு முடிந்தது.

“தலையை எறக்குங்க சாமி, நாங்களும் பாக்கணும்.”

பெண் குரல். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். முன்வரிசையிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். அதை ‘உக்காருங்க, உக்காருங்க’ என்றுதான் குழு இத்தனை காலமாக எழுதி வைத்திருந்தது. இரைச்சல் போனபின் தெளிவாகக் கேட்டது: “உக்காருங்கக்கா.” அந்தப் பெண் சிரித்தாள். எல்லாம் சேர்ந்து இருபது விநாடி.

மறுநாள் காலை கணினியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டரின் மனைவிதான் கதவைத் திறந்தார். இரண்டு வருடம் முன்பு புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பேசவேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார். அன்று எழுத எதுவும் இல்லை. டீயை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பல்செட் எதையும் விளக்காமல் ஓடவிட்டார். குரல் வந்தது. அந்த அம்மாளின் உதடுகள் கூடவே அசைந்தன. ‘சாமி’ என்ற இடத்தில் புருவம் உயர்ந்து இறங்கியது. சிரிப்பு வந்த இடத்தில் வாய் திறந்தது; துணிக்கடியிலிருந்து வெறும் காற்று வந்தது.

மாஸ்டர் எழுந்து கணினியை மூடினார்.

பிறகு மாஸ்டர், மனைவி பக்கம் திரும்பாமலே விவரத்தைச் சொன்னார். “அன்னைக்கு எனக்கு நூத்திமூணு ஜுரம். எழுந்திருக்க முடியல. ரெக்கார்டர் என்னுது, டிக்கெட் என்னுது, கேசட் என்னுது, யோசனை என்னுது. போனது மட்டும்தான் இவ.”

பல்செட் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகத்தைப் பழையபடி வைத்துவிட வேண்டும் என்றார் மாஸ்டர். நாற்பத்தாறு வருடம் மக்கள் ஏற்றுக்கொண்ட சுருதி அது. சரித்திரத்தில் கைவைக்கக் கூடாது. குழுவின் சட்டமும் நினைவுக்கு வந்தது: ஒரு கச்சேரி, ஒரு பதிப்பு. அந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு பெருந்தன்மையாக மனைவியைப் பார்த்து, “நீயே சொல்லேன்” என்றார். சொன்னபிறகுதான் உறைத்ததுபோல நோட்டை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாள் எழுதினார்: ‘எனக்கு மட்டும் ஒண்ணு வேணும்.’

“பாத்தீங்களா, அவளுக்கே வெளிய போறதுல இஷ்டமில்ல” என்றார் மாஸ்டர். அந்த இருபது விநாடியைப் பென் டிரைவில் போட்டுத் தன்னிடம் கொடுத்தால், தானே போட்டுக் காட்டுவதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே இரும்பு அலமாரியைத் திறந்தார். ஐந்து தட்டு, அடுக்கடுக்காகக் கேசட். பல்செட்டின் கண் அங்கே போனது. பென் டிரைவ் மாஸ்டர் கைக்குப் போனது. வரும்போது பல்செட்டின் பையில் இரண்டு கேசட்கள் இருந்தன.

சுத்தம் செய்த பதிப்பு, பழைய சுருதியில், அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியானது. அந்தக் குரல் இப்போது இன்னும் கம்பீரமாக இருப்பதாக எழுதினார்கள். ஆண்மை சொட்டுகிறது என்று எழுதினார் ஒருவர், ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர். வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் போதும். எந்தப் போனிலும் ஒரு விரலால் செய்யலாம். கேட்ட மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அந்த அம்மாள் பல்செட்டின் பட்டறைக்கே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்திருக்கிறார், துணிக்கடியில் மூச்சு இரைத்தது. மேஜைமேல் மெழுகும் அச்சும் பாதி கட்டிய ஈறும் கிடந்தன. நோட்டைப் பிரித்து முன்னால் வைத்தார்.

‘அலமாரியில வச்சுப் பூட்டிட்டார். கேட்டா நாளைக்கிங்கறார்.’

அதற்குக் கீழே: ‘நீங்க குடுங்க.’

அந்த இருபது விநாடி பல்செட்டின் போனில் இருந்தது. காலையில்கூட ஒருமுறை கேட்டிருந்தார். போன், மெழுகு டப்பாவுக்குப் பக்கத்தில், அந்த அம்மாளின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அலமாரியில் இன்னும் முப்பத்தொன்பது கேசட்கள் இருந்தன.

“வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்குக்கா” என்றார். “தேடி எடுக்கணும். அடுத்த வாரம் பாக்கலாம்.”

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதி, ‘இதுக்கு அனுப்பினாப் போதும்’ என்று சேர்த்து, பறக்காமலிருக்க அச்சு ஒன்றை மேலே வைத்துவிட்டுப் போனார்.

பல்செட் அனுப்பத்தான் நினைத்தார். அந்த அம்மாளின் போனை மாஸ்டர் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தார். வீட்டுக்குள் வீணாகச் சண்டை மூட்டக் கூடாது என்று நினைத்தபோது மனம் லேசாகிவிட்டது. அடுத்த வாரம் மாஸ்டர் இன்னும் மூன்று கேசட்டுகளைக் கொடுத்தனுப்பினார்.

அந்த அம்மாளுக்குச் சளி இறங்கி நுரையீரலைப் பிடித்துக்கொண்டது என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏழாம் நாள் காலை குழுவில் மாஸ்டரே செய்தி போட்டார். இரங்கல்கள் மளமளவென்று விழுந்தன. மாஸ்டருக்குத்தான் எல்லாம், தைரியமாக இருங்கள், கலைஞர்கள் கலங்கக் கூடாது என்று. அந்த அம்மாளைப் பற்றி எழுத யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நேரில் பார்த்தவர் நீங்கள்தானே, இரண்டு வரி எழுதுங்களேன் என்று பல்செட்டைக் கேட்டார்கள்.

பல்செட் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்.’

இருநூற்றுப் பதினான்கு பேர் கைகூப்பினார்கள்.