டிரம்முக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்

காலி டேங்க் உப்பாது. இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், டேங்க்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அன்று காலை பத்து மணிக்கு, பணிமனையின் தகரக் கூரைமேல் காயப்போட்டிருந்த ஆறாம் நம்பர் வண்டியின் அலுமினிய டேங்க், விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

நான் அங்கே ஸ்டோர்காரன். தெரு பெருக்கும் வண்டிகள் பன்னிரண்டுக்கும் ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், அளந்து ஊற்றுவது என் வேலை. பெட்ரோல், டீசல் எல்லாம் எங்களுக்கு ஒத்துவராது. மேலிடத்தில் யாரோ ஸ்பிரிட்தான் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பெரிசு என்பார்கள். நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஏழாம் நம்பர் வண்டி ஒருமுறை நடைபாதையில் கிடந்த கிளாரினெட் ஒன்றை உறிஞ்சிவிட்டு, அடுத்த இரண்டு தெருவுக்கும் அதை வாசித்துக்கொண்டே போனது. மூன்றாவது தெருவில் ஒரு பெண்மணி ஜன்னலைத் திறந்து வேறு பாட்டு கேட்டாள். நடந்ததைத்தான் சொன்னேன். நம்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

ஆனால் அன்று என்னை நம்பியே ஆகவேண்டியிருந்தது. ஏனென்றால் அந்த டேங்க்குக்கு மூன்று மணிக்கு வெல்டிங் வைக்கப்போகிறவர் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். அவருடைய முறை இது: ஓட்டை விழுந்த டேங்க்கை வடித்து, மூடியைக் கழற்றி, தலைகீழாக ஒரு நாள் வெயிலில் கவிழ்த்துப் போடுவார். சாயங்காலம் வாயில் மூக்கை வைத்து ஒரு நீளமான மூச்சு இழுப்பார். வாடை இல்லையென்றால் சுண்ணக்கட்டியால் டேங்க்கின் விலாவில் ஒரு டிக். டிக் விழுந்த டேங்க்கை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் அது மாப்பிள்ளையின் மூக்கைச் சந்தேகப்பட்ட மாதிரி. பதினான்கு வருஷத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எங்கள் வீட்டில் பால் திரிந்ததை அடுப்பில் வைப்பதற்கு முன்பே, அடுத்த தெருவிலிருந்து போன் போட்டுச் சொன்னவர் அவர்.

ஆறாம் நம்பருக்கு முந்தின நாள் சாயங்காலமே டிக் விழுந்துவிட்டது. ராத்திரிப் பனி இறங்கக்கூடாதென்று மூடியையும் இறுக்கியாயிற்று. அடியில் இருந்த ஊசி ஓட்டையை டிரைவர் துணி துவைக்கிற சோப்பை வைத்து அடைத்திருந்தான். அதுவும் அப்படியே இருந்தது. கவிழ்த்துப் போட்டதில் சோப்பு மேலே, மூடி கீழே.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். நான்காவது தடவை ஏறும்போது டேங்க் உள்ளுக்குள் "டொங்" என்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அதுவாகத்தான் சொன்னது.

மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. வெயிலில் காற்று விரியும் மாமா என்று சொல்லி, மேலே வந்து, மூடியைக் கொஞ்சம் திருகினார். புஸ்ஸென்று மூச்சு விட்டது. மூக்கை வைத்தார். வாடை இல்லை. வயிறு உள்ளே போயிற்று. மூடியைத் திரும்ப இறுக்கினார். டேங்க்கை இறக்கி ஷெட்டுக்குள் கொண்டுபோனார்கள். விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. ஸ்டோருக்குப் போய் உட்கார்ந்தேன், எழுந்தேன். நட்டு டப்பாவை எண்ணப் போனேன், எதை எண்ணுகிறேன் என்பது மறந்துபோனது. பன்னிரண்டரைக்கு மகள் போன் செய்தாள். காலையில் மாப்பிள்ளையிடம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தனுப்பியதாகவும், மனுஷன் வேலை மும்முரத்தில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார் என்றும், இன்றைக்காவது சாப்பிட வைக்கும்படியும் சொன்னாள். சரியம்மா என்றேன். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். டப்பா ஜன்னலோரம் இருந்தது, திறக்காமல். பக்கத்தில் டேங்க் இருந்தது. நிழலில் இருந்துகொண்டே மறுபடியும் உப்ப ஆரம்பித்திருந்தது.

நிழலில் எந்தக் காற்று விரியும்?

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

ஸ்டோரில் என்னிடம் ஒரு ஸ்பிரிட் அடுப்பு இருந்தது. நாளைக்கு ஆறு தேநீர். அதற்காக ஒவ்வொரு புது டிரம்மிலிருந்தும் இரண்டு லிட்டர் ஸ்பிரிட்டை எடுத்துக்கொள்வேன். அளவுகோலை விட்டுப் பார்த்தால் குறையக்கூடாதல்லவா, அதனால் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றிவிடுவேன். வண்டிகளும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் புது மேலாளர் வந்தார். ரசாயனம் படித்தவர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். அதனால் எங்களுக்கு அவர் அளவுகோல் மேடம். வந்த முதல் வாரமே ஒரு கண்ணாடிக் குழாயை டிரம்முக்குள் மிதக்கவிட்டுப் பார்த்து, இதில் தண்ணீர் இருக்கிறது, சப்ளை செய்கிறவன் ஏமாற்றுகிறான் என்றார். நானும் தலையை ஆட்டி, இந்தக் காலத்தில் யாரை நம்புவது மேடம் என்றேன். அன்றிலிருந்து டிரம்முக்கெல்லாம் சீல். அவர் முன்னால்தான் திறக்க வேண்டும். ஸ்பிரிட் டேங்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, கழுவக்கூடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார்.

அதற்கப்புறம்தான் டேங்க்குகள் ஒவ்வொன்றாக நோய்வாய்ப்பட்டன. மூடியைத் திறந்தால் புஸ். பில்டரில் வெள்ளையாகக் கஞ்சி மாதிரி ஒன்று. இன்ஜின் சூடு படுகிற பக்கம் ஊசி ஓட்டை. பதினொரு வண்டிக்கும் இதே கதை. ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நம்பருக்கு நான் எதிலிருந்து ஊற்றுகிறேன் என்று யோசித்தேன். ஸ்டோரின் மூலையில், மேடம் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்த பழைய டிரம்களிலிருந்து. என் கைப்பக்குவம் பட்டவை.

மேடத்தின் அறைக்குப் போனேன். நேராகக் கேட்கத் துணிவில்லை. உலோகமும் எரிபொருளும் சேர்ந்தால் ஏதாவது காஸ் வருமா மேடம், பலூனில் அடைக்கிற ஹைட்ரஜன் மாதிரி, என்று கேட்டேன்.

"எந்த உலோகம்? எந்த எரிபொருள்?"

"பொதுவா மேடம்."

பொதுவாக வராது என்றார். தண்ணீரைக் கண்டாலே தீப்பிடிக்கிற சோடியத்தையே மண்ணெண்ணெயில்தான் முக்கி வைப்பார்கள், அது சாதுவாகக் கிடக்கும் என்றார். பெட்ரோலும் டீசலும் அப்படித்தான். நான் நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாகப் படி இறங்கினேன். மொத்தம் பத்தொன்பது படி. நிம்மதி பதினொன்றாம் படி வரைக்கும்தான் வந்தது. பொதுவாகக் கேட்டேன், பொதுவாகச் சொன்னார். எங்கள் டேங்க்கில் இருந்தது மண்ணெண்ணெய் இல்லையே.

மணி இரண்டு பத்து. ஷெட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மற்றவர்கள் சொன்னது. என் கணக்கில் நான் பறந்தேன். மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சோதனைக்கு மேலதிகாரி வருவதால் மூன்று மணி வேலையை இரண்டரைக்கே முடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்து, பத்தடி தள்ளி ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். அது சின்ன நீல நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, தேநீர், இரண்டு லிட்டர், ஒன்பதாம் நம்பர். ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஹாரன் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆறாம் நம்பர் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"தண்ணி கலக்காததால டேங்க் கெட்டுப்போச்சு," என்றான். "பெரிசு, கிளாரினெட்டே தேவல. அதுலயாச்சும் பாட்டு இருந்துச்சு."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாமா, நான் மூக்கு பார்த்து டிக் போட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் இப்படிச் சொன்னா எப்படி?"

"உங்க மூக்கை நான் குத்தம் சொல்லல மாப்ளே. வாடையே இல்லாத ஒண்ணு உள்ள இருந்தா மூக்கு என்ன பண்ணும்?"

"வாடையே இல்லாததை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அஞ்சே நிமிஷம் பொறுங்க என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு, மறுபடி பத்தொன்பது படி ஏறினேன்.

மேடத்தின் மேஜைமுன் நின்றேன். "அலுமினியம் மேடம். ஸ்பிரிட். தண்ணி இல்லாத ஸ்பிரிட், இன்ஜின் சூட்டுல," என்றேன். "முன்னாடி தண்ணி இருந்துச்சு. சப்ளைக்காரன் ஏமாத்தல. நான்தான் ஊத்தினேன். டிரம்முக்கு ரெண்டு லிட்டர், பதினோரு வருஷமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பற்றி அவருக்கும் சொல்லியிருந்தார்கள். இதுவும் கதைதானே என்று அந்தப் பார்வை சொன்னது. ஆனால் அளவைக் கேட்டால் சும்மா இருக்க அவரால் முடியாது.

"டிரம் இருநூறு லிட்டர். அதுல ரெண்டா?"

"கெட்டிலால ரெண்டு தடவை."

"ஒரு சதவீதம்," என்றார் மெதுவாக. பேனாவை மூடினார். பிறகு அவர் படியில் இறங்கியதை நான் இறங்குவதோடு ஒப்பிட்டால், அவர்தான் பறந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிவிட்டு, டேங்க்கின் முதுகில் இருந்த சோப்பைச் சுரண்ட உளியை எடுத்திருந்தார். மேடம் நிறுத்தச் சொன்னார். பஞ்சர் பார்க்கிற சோப்புத் தண்ணீர் டப்பா அங்கேயே இருந்தது. அதைக் கொண்டுவந்து ஓட்டையைச் சுற்றி நன்றாக ஊற்றினேன். வண்டி பிரஷ்ஷிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மயிரைப் பிடுங்கி, அடைத்திருந்த சோப்பில் மெல்லக் குத்தினேன்.

ஒரு குமிழி வந்தது. எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்து, ஓட்டையை விட்டுக் கழன்றது. குமிழி என்றால் கீழே இறங்க வேண்டும். இது மேலே போயிற்று. யாரையும் கேட்காமல், அவசரமாக, மாப்பிள்ளையின் நெற்றியைத் தாண்டி, கூரைக் கம்பியைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதும் அதே வழியில் போயிற்று. மூன்றாவது கூரைக் கண்ணாடியின் இடுக்கு வழியாக வெளியே போய்விட்டது. என் தகவலின்படி இன்னும் இறங்கவில்லை.

நான்காவதை மின்விசிறிக் காற்று பக்கவாட்டில் தள்ளிற்று. பத்தடி தள்ளி நின்ற டார்ச்சுக்கு மேலே அது போனபோது "பட்" என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னக் குமிழிக்கு அவ்வளவு பெரிய சத்தம் நியாயமே இல்லை. ஹாரனின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

மாப்பிள்ளை டார்ச்சிடம் போய் வால்வை மூடினார்.

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். அலுமினியத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. ஸ்பிரிட்டில் துளி தண்ணீர் இருந்தால் தோல் கிழிந்த இடம் தானே ஆறிக்கொள்ளும். தண்ணீரே இல்லாமல் சூடும் சேர்ந்தால் ஆறாது; ஸ்பிரிட் உலோகத்தைத் தின்னும், ஹைட்ரஜன் வரும். மடிப்பில் ஒட்டியிருக்கிற மிச்சமே அதற்குப் போதும்.

"மூடியைத் தொறந்து வச்சுத்தானே மேடம் வெல்டிங் வைப்பேன்," என்றார் மாப்பிள்ளை.

"மூடி கீழ இருக்கு. இது மேல போற காஸ். கவுத்து வச்ச டேங்க்குல அது எங்கயும் போகாது, உங்க உளிக்குத்தான் காத்திருக்கும்." பிறகு சுவரில் ஒட்டியிருந்த தன் எழுத்தைப் பார்த்தார். "கழுவக்கூடாதுன்னு சொன்னது நான்தான்."

டேங்க்கை நிமிர்த்தி, மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பினார்கள். மாப்பிள்ளை குனிந்து, சுண்ணக்கட்டி டிக்கைக் கட்டைவிரலால் அழித்தார். ஒரே தேய்ப்பில் போகவில்லை. எச்சில் தொட்டு அழித்தார்.

சாயங்காலம் எனக்கு இரண்டு தாள்கள் வந்தன. முதலாவது, பதினோரு வருஷம் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்த குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டது. இரண்டாவது, நாளை முதல் ஒவ்வொரு டிரம்மிலும் இரண்டு லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் கலக்கும்படி ஸ்டோர்காரருக்கு உத்தரவிட்டது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. எடுத்த இரண்டு லிட்டரை என்ன செய்வதென்று எதிலும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கதையை இப்போதும் பலரிடம் சொல்கிறேன். கிளாரினெட்டை நம்புகிறவர்கள்கூட இதை நம்புவதில்லை.

அன்று நாலரைக்கு மகள் மறுபடி போன் செய்தாள். நான் ஷெட்டு வாசலில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கைகளை இன்னும் கழுவவில்லை.

"என்னப்பா, இன்னிக்கு என்ன கதை?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் எப்பவும் போலதான்."

"அவர் சாப்பிட்டாரா?"

உள்ளே பார்த்தேன். மாப்பிள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மோந்து பார்க்காமலே ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"சாப்பிடறாரும்மா," என்றேன்.