தொட்டிலில் ஏறாத பிள்ளை

தேரடித் தெருவின் நடுவே வேதா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தொட்டிலில் ஏறமாட்டாளாம்.

கல்யாணமாகி எட்டு வருஷம் வயிறு திறக்காமலிருந்த ஆதிலட்சுமி, பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டிலில் போட்டு மாடவீதி சுற்றி வருவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டவள். பிறந்த வருஷம் மாமனார் சாவுத் தீட்டு. அடுத்த வருஷம் பிள்ளைக்கு அம்மை. பிறகு மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலை, மழை என்று தள்ளிப்போட்டதில் கைப்பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. எழுபத்தெட்டாம் வருஷத் தீபத்துக்குத்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏற முடிந்தது. இரண்டு கரும்பைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் புடவையைத் தூளியாக்கி, முன்பக்கம் தோள் கொடுக்கக் கணவன் தசரதன் தயாராக நின்றான்.

"நான் இன்னா பாப்பாவா? எங்க க்ளாஸ் பசங்க பாத்தா சிரிப்பாங்க."

"எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்றாள் நாத்தனார் காசியம்மாள். "நாலு சாத்து சாத்து, தானா ஏறுவா."

ஆதிலட்சுமி கையை ஓங்கினாள். வேதா அழவில்லை. கண்ணை இறுக மூடி, அடியை வாங்கிக்கொள்ளக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி மூன்றாம் வகுப்பு படிக்கையில் மொட்டை போட, இதே ஊரில் அப்பா பிடரியைப் பிடித்து அழுத்தியபோது அவளும் இப்படித்தான் சுருங்கினாள். முடி வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அப்பாவிடம் அவள் எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை, வேண்டுமென்று கேட்டதுமில்லை. இவளும் தன்னிடம் அப்படி ஆகிவிட்டால்?

கையை இறக்கி, மகளருகே குந்தினாள்.

"ஏற வேணாம்டி. உன்ன கேட்டா வேண்டிக்கிட்டேன்? எப்படி வரேன்னு நீயே சொல்லு."

வேதா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "தூளிய புடிச்சிக்கினு நடந்து வரேன்."

"காலித் தொட்டிலா? சாமி ஒத்துக்குமா?" என்றாள் காசியம்மாள்.

"என்ன எட்டு வருஷம் காக்க வச்ச சாமிதானே அண்ணி, இதக்கூட ஒத்துக்காதா?"

தசரதன் சிரித்துக்கொண்டே கரும்பைத் தோளில் ஏற்றினான். பின்பக்கம் ஆதிலட்சுமி.

பேய்க்கோபுரம் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. தூளியைப் பிடித்திருந்த கை அம்மாவின் முந்தானைக்கு மாறியது.

"அம்மா, தூக்கிக்க."

"தொட்டில்லயா?"

"உன் இடுப்புல."

"பசங்க பாத்தா?"

"பாக்கட்டும், போ."

ஆதிலட்சுமி தன் பக்கத்துக் கரும்பை நாத்தனார் தோளுக்கு மாற்றினாள்.

"இந்த வயசுல எனக்கா இது!"

"காலித் தொட்டில்தானே அக்கா, நட" என்றான் தசரதன்.

ஏழு வயசுப் பிள்ளை, நல்ல கனம். வேதா அம்மாவின் காதில் வாயை வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத பள்ளிக்கூடச் சேதி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். அரோகரா சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுடி" என்றாள் ஆதிலட்சுமி.