பங்களா மேசையில் ராசம்மா

வேலையிலிருந்து நின்ற நாலாவது வாரம் ராசம்மா தன் மகளைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம பங்களாவுக்குப் போறோம். ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கப் போறோம்" என்றாள். ஹட்டன் பஜாரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இந்திராதேவிக்கு அம்மாவின் அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலில் சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை. அப்பா இருந்த காலத்தில் அவரும் அதன் முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"பங்களாவுக்கா? எதுக்கும்மா?"

"நான் சலிச்ச தூளு என்ன ருசின்னு குடிச்சுப் பாக்கணும். சாவுறதுக்குள்ள ஒரு தடவ."

இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள், இலையை வாட்டித் தூளாக்கும் தேயிலை ஸ்டோருக்குள் கால் வைக்காதவர்கள். ராசம்மா அங்கே இருபத்திரண்டு வருஷம் தேயிலை சலித்தாள். தடதடவென்று ஆடும் சல்லடைகளுக்கு நடுவில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூளைத் தரம் தரமாகப் பிரிப்பது அவள் வேலை. நல்ல தரமெல்லாம் பி.ஓ.பி. என்று எழுதிய மூட்டையில் ஏறிக் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து எந்தெந்தச் சீமைக்கோ போகும். கடைசியில் அடியில் தங்குகிற டஸ்ட் இருக்கிறதே, கறுப்பாகப் புழுதி மாதிரி, அதுதான் மாதா மாதம் பொட்டலமாகத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்கு வரும். நல்ல தூளில் ஒரு சிட்டிகை சேலைத் தலைப்பில் அகப்பட்டாலும் வேலை போய்விடும். மணத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். அதை மூட்டை கட்ட அவர்களுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாட்டில் சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசத் தொடங்கிய பிறகு, நோர்வூட் பக்கம் வெள்ளைக்காரர்கள் வான் வானாக வந்து இறங்கினார்கள். பழைய தொரை பங்களாவைக் கொழும்புக்காரர் யாரோ எடுத்து ஓட்டலாக்கியிருந்தார். சாயந்தரம் மூன்றடுக்குத் தட்டில் கேக்கும் சான்விச்சும் தேநீரும்; இரவில் ஏழு தடவை தட்டு மாற்றி ஏழு வகைச் சாப்பாடு. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வாய்க்கு மேல் இருக்காது என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அந்த இரண்டு வாய்க்காக ஆகாயக் கப்பலேறி வருகிறார்களே என்று சிரித்தவர்கள்தான், மறுமாதமே கடைப் பலகையை இங்கிலீஷில் மாற்றி எழுதினார்கள்.

பங்களாவின் விளம்பரத் தாளை தேவி வாசித்துச் சொன்னாள். இந்தத் தோட்டத்திலேயே பறித்து, இந்தத் தோட்டத்து ஸ்டோரிலேயே சலித்த பி.ஓ.பி. தேயிலைதான் அங்கே பரிமாறப்படுகிறதாம்.

"சலிச்சவளக் கூப்பிடணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு" என்றாள் ராசம்மா. "பரவால்ல, நாமளே போவோம்."

தேவி மருந்துக்கடைத் தொலைபேசியிலிருந்து இங்கிலீஷில் பேசி இரண்டு பேருக்கு மேசை சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ராசம்மா தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தோட்டத்து ஆட்கள் பங்களாவுக்குப் போனால் பின்பக்கக் குறுக்குப்பாதையில் ஏறிக் குசினி வாசலில் நிற்பதுதான் வழக்கம். அவள் அந்தப் பாதையைத் திரும்பியும் பார்க்கவில்லை. வான்கள் போகிற தார் ரோட்டில், நடுவிலேயே நடந்தாள். தேவி பத்தடி பின்னால் வந்தாள். பயந்துகொண்டுதான் வந்தாள், ஆனாலும் வந்தாள்.

வாசலில் சிவசாமி நின்றான். தொரைமார் காலத்திலிருந்தே அந்தப் பங்களாவில் பரிமாறுகிறவன். லயத்தில் ராசம்மாவுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன். இப்போது வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் ஏறியிருந்தன.

"என்னக்கா இந்தப் பக்கம்? குசினிக்கு அங்கிட்டால்ல போகணும்."

"குசினியில எனக்கு என்ன வேல? மேச சொல்லி வச்சிருக்கோம். புத்தகத்துல பாரு."

பார்த்தான். இருந்தது. சிவசாமி ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மூலையைக் காட்டினான். "அங்க ஒக்காருங்கக்கா, காத்து படாது."

"எனக்குக் காத்து படணும்" என்று சொல்லி ராசம்மா சன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் தலையசைத்துச் சிரித்தாள். ராசம்மாவும் சிரித்தாள்.

தேநீர் வந்தது. பூப்போட்ட பீங்கான் பானை, பூப்போட்ட கோப்பை. தேவி ஊற்றிக் கொடுத்தாள். ராசம்மா கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

இரண்டாவது மடக்குக்கு அவசியமே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் அடுப்படியில் நின்றபடி அவள் குடித்த அதே சாயத்தண்ணி. அதே காறல். கோப்பையிலும் பூவைப் போட்டுவிட்டால் இவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் பானையின் மூடியைத் திறந்தாள். கரண்டியை விட்டு அடியில் கிடந்ததை அள்ளி வெள்ளைத் தட்டில் வைத்தாள். கறுப்புச் சேறு.

"அம்மா, வேணாம்மா. பேசாம குடிச்சிட்டுப் போயிரலாம்" என்று தேவி காதோடு சொன்னாள். "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட, ஒங்க பானைய ஒரு தடவ பாக்கலாமான்னு கேளு."

தேவி ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள். அந்த அம்மாள் சந்தோஷமாக மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே வெந்த இலைத் துணுக்குகள் புதுச் செப்புக்காசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. ராசம்மாவுக்கு அவற்றை நன்றாகத் தெரியும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

"சிவசாமி, ஒங்க மெனேஜரக் கூப்பிடு."

மெனேஜர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, "என்னம்மா, ஏதும் குறையோ?" என்று கேட்டார்.

"கொறதானுங்கய்யா. அந்த மேசைக்கு பி.ஓ.பி., இந்த மேசைக்கு டஸ்ட்டு. ஒரே பங்களாவுல ரெண்டு தேத்தண்ணி போடுறீங்க."

மகாலிங்கம் தட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "பிழையா மாறி வந்திட்டுது போல. வேற போட்டுத் தரச் சொல்லுறன். காசு ஒண்டும் வேண்டாம்."

"ஓசியில குடிக்க நான் வரலைங்க. காசு தாறேன். மாறி வரல, மாத்திக் கொண்டாந்திருக்காங்க. அதை மொதல்ல கேளுங்க."

எல்லோரும் சிவசாமியைப் பார்த்தார்கள். "இல்லக்கா... பி.ஓ.பி.ன்னா சாயம் கொஞ்சம் எளசா இருக்கும். நமக்கெல்லாம் அது பிடிக்காதுன்னுதான், எங்க ஆளுங்களுக்குப் போடுற தூள்லயே நல்லா கடுப்பா..."

"நமக்குப் பிடிக்காதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நீ குடிச்சிருக்கியா?"

சிவசாமி பித்தளைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன், ஒரு மடக்குக்கூடக் குடித்ததில்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இங்க பாரு" என்றாள் ராசம்மா. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கோபம் தாழவில்லை. "தொரை டஸ்ட்டக் குடுத்தான், குடிச்சோம். கம்பெனிக்காரன் குடுத்தான், குடிச்சோம். அவன் யாரோ, நாம யாரோன்னு மனச ஆத்திக்கிட்டோம். நீ எங்க லயத்துல பொறந்தவன்டா. நீ குடுக்கலாமா?"

சிவசாமி பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். புதுப் பானையும் கோப்பையுமாகத் திரும்பி வந்தான். அவனே முதலில் மூடியைத் திறந்து அவளிடம் காட்டினான். ராசம்மா குனிந்து பார்த்துவிட்டு, ஊற்று என்று தலையசைத்தாள்.

குடித்தாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மோசமாக இருந்திருந்தால், இதற்குத்தானா இவ்வளவு என்று சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். மூக்குக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த மணம் நாக்கில் இறங்கித் தொண்டைவரை இனித்தது. கண் கலங்கியது. அழுகை இல்லை, ஆத்திரம். இந்தத் தூளின் புழுதியைச் சுவாசித்தே இருமிச் செத்தவர்களை அவளுக்குத் தெரியும்.

அவசரப்படவில்லை. மூன்று கோப்பை குடித்தாள். தேவிக்கும் ஊற்றிக் கொடுத்து, கேக்கைச் சாப்பிட வைத்தாள். பில்லைக் கேட்டு வாங்கி முழுக் காசையும் வைத்தாள். பிறகு எழுந்து முன்வாசல் மேசைக்குப் போனாள். அங்கே மகாலிங்கம் பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வார ஞாயித்துக்கெழம ஆறு பேருக்கு மேச வேணுமுங்க. சன்னலோரமா."

மகாலிங்கம் பேனாவை எடுத்தார். "ஆருடைய பேரில போடுறது?"

"ஆறு பேரோட பேரையும் எழுதுங்க. ராசம்மா. காளியாயி. அழகம்மா. நல்லமுத்து. செல்லாயி. மாரியாயி."

எழுதிக்கொண்டே வந்தவர் நாலாவது பேரில் நிமிர்ந்தார். "எல்லாரும் தோட்டத்து ஆக்களோ அம்மா?"

"எல்லாரும் என்னோட சலிச்சவங்க" என்றாள் ராசம்மா. "இன்னும் ரெண்டு பேரு பாக்கி இருக்கு, எழுதுங்க. எழுதிட்டு, ஒங்க ஆளுங்ககிட்டயும் சொல்லி வைங்க. வந்து ஒக்காந்ததும் ஆறு பேரும் மூடியத் தொறந்து பாத்துட்டுத்தான் கோப்பையத் தொடுவோம்."